முழங்கை வரை

 

நாம் விற்கிற சரக்கை வாங்குகிறவர் ஏதாவது ஒரு வகையில் சோதித்துப் பார்த்துக்கொள்ள முடியும். தராசில் சர்க்கார் முத்திரை இருக்கிறது. துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். மிளகை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்க்கலாம். அரிசியைக் கிளறிப் பார்க்கலாம். ஆனால் அந்த மிளகை அள்ளிக் கொடுக்கிற கையை, ரொட்டிக்கு மாவு பிசைகிற கையை யார் சோதிப்பது? வாங்குகிறவர் கண்ணுக்கும் அது வெறும் கை. விற்கிற நம் கண்ணுக்கும் வெறும் கை. அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. இருவருக்குமே தெரியாமல் நடக்கிற ஒரு கொடுக்கல் வாங்கலில் தீங்கு வந்தால், பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றதும், கடையில் நின்று கண்டதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான் நம் கையிருப்பு. அதைக் கொண்டே யோசிப்போம்.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததையும், உள்ளே ஈரம் இருந்ததையும், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதையும் நாம் எல்லோரும் மிம்பரில் கேட்டிருக்கிறோம். அந்த வியாபாரிக்கு ஈரம் இருப்பது தெரியும். வாங்குகிறவருக்குத்தான் தெரியாது. ஆகவே அங்கே தீர்ப்புச் சுலபம். நம் கை விஷயம் அதைவிடச் சிக்கலானது. ஏனென்றால் இங்கே ஈரம் விற்கிறவன் கண்ணுக்கே தெரியாத ஈரம்.

முதலில் அந்தத் தெரியாத பொருள் என்னவென்று பார்ப்போம். மனிதத் தோலில் பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் குடியிருக்கின்றன. 2008-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஆரோக்கியமான ஐந்து பேருடைய முழங்கையின் உட்புறத்தை, அதாவது கை மடங்குகிற இடத்தை, ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். மறு ஆண்டில் உடம்பின் 20 இடங்களை ஆராய்ந்தபோது, அதிக வகைக் கிருமிகள் காணப்பட்டது முன்கையில்தான். காதுக்குப் பின்புறத்தில் மிகக் குறைவு.

இதைக் கேட்டு அருவருப்படைய வேண்டாம். 1938-லேயே பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க வைத்தியர் தோலில் உள்ள கிருமிகளை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, தோலிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவை. மற்றொன்று, நாம் தொடுகிற பொருள்களிலிருந்து வந்து ஒட்டிக்கொள்பவை. குடியிருப்பவை வீட்டுக்காரர் மாதிரி. வந்து ஒட்டுபவை வழிப்போக்கர் மாதிரி. வீட்டுக்காரரில் பெரும்பாலோர் நமக்குத் தீங்கு செய்வதில்லை. அவர்கள் இடத்தை நிறைத்துக்கொண்டிருப்பதாலேயே வேண்டாதவர்கள் உள்ளே நுழைவது கடினமாகிறது. எவ்வளவு கழுவினாலும் அவர்கள் போய்விடுவதில்லை, போகவும் வேண்டியதில்லை. நாம் கவலைப்பட வேண்டியது வழிப்போக்கரைப் பற்றித்தான். பச்சைக் கோழியிலிருந்து, கழிப்பறைக் கதவிலிருந்து, பல கை மாறிய நோட்டிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். நல்ல வேளையாக, சவுக்காரமும் தண்ணீரும் பட்டால் முதலில் கிளம்புகிறவர்களும் அவர்களே.

வீட்டுக்காரர் எல்லோரும் சாது என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. நூற்றுக்குச் சுமார் 30 பேருடைய மூக்குக்குள் அது ஒரு தொந்தரவும் செய்யாமல் இருக்கிறது. விரலில் வெட்டுக்காயமோ சீழ்ப்புண்ணோ இருந்தால் அங்கே பெருகுகிறது. அந்தக் கை பட்ட உணவை வெக்கையில் சில மணி நேரம் வைத்துவிட்டால் உணவிலேயே விஷத்தைக் கக்குகிறது. கிருமி சூட்டில் செத்துவிடும். அது கக்கிய விஷமோ கொதிக்கவைத்தாலும் எளிதில் அழிவதில்லை. ‘சூடு பண்ணிக் கொடுத்தோமே’ என்று சமாதானம் சொல்லுகிற சாப்பாட்டுக் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது எங்கோ நடக்கிற கதையும் அல்ல. 2009 ஏப்ரலில் சிங்கப்பூர் கேலாங் சிராயில் இருந்த தற்காலிகச் சந்தையில், ஒரு கடையில் ரோஜாக் சாப்பிட்டவர்களில் 154 பேர் நோயில் விழுந்தார்கள். இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். பச்சைக் கடலுணவில் இருக்கும் ஒரு வகைக் கிருமி, சமைத்து வைத்த பண்டத்துக்குத் தாவியிருக்க வேண்டும் என்பதே அதிகாரிகள் கண்ட முடிவு. கையோ, கத்தியோ, பலகையோ ஒன்று அதற்குப் பாலமாக இருந்திருக்கும். அந்தக் கடைக்காரர் யாருக்கும் கெடுதல் நினைத்து அன்று கடை திறந்திருக்கமாட்டார். நினைக்காமலே இரண்டு ஜனாஸா புறப்பட்டது. அவரைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. அவர் இடத்தில் நம்மில் எவரும் இருந்திருக்கலாம் என்பதற்காகவே எழுதுகிறோம்.

சரி, ‘தெரியாமல் நடந்தது’ என்பது மன்னிப்பாகுமா?

நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையற்காரி இருந்தாள். 1906-ல் அவள் சமைத்த ஒரு வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு ஜுரம் கண்டது. அவளுக்கோ ஒரு நோயும் இல்லை. உடம்புக்குள் கிருமியைச் சுமந்துகொண்டு, ஆனால் தான் நோய்ப்படாமல், கை வழியாகப் பிறருக்குக் கொடுத்துவந்தாள். 1907-ல் அவளைப் பிடித்துத் தனி இடத்தில் வைத்தார்கள். தன்னால் நோய் பரவுகிறது என்பதை அவள் நம்பவே இல்லை. இனிச் சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த பேரில் 1910-ல் விடுதலை கிடைத்தது. சில வருஷம் கழித்து வேறு பெயரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சமையலுக்குச் சேர்ந்தாள். 1915-ல் அங்கே சுமார் 25 பேருக்கு நோய் கண்டது. இரண்டு பேர் இறந்தார்கள். அதன்பின் 1938-ல் சாகும்வரை அவளை வெளியே விடவில்லை.

இந்த மேரியின் வாழ்க்கையை நாம் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1907-க்கு முன் அவள் செய்தது அறியாமை. ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளே அறிவதற்கும் வழியில்லை. அதற்காக அவளைக் குற்றவாளி என்று சொல்ல நம் மனம் ஒப்பாது. 1910-க்குப் பின் செய்தது அப்படியல்ல. அறிந்தவர்கள் வந்து சொன்னார்கள். அவள் தன் கண்ணை நம்பினாள். தன் கை சுத்தமாகத்தானே தெரிகிறது என்றிருந்தாள். சொல்லப்படுவதற்கு முன் இருப்பது அறியாமை. சொல்லப்பட்ட பின்பும் அறியமாட்டேன் என்று நிற்பது வேறு. அது ஒருவன் தானே தேர்ந்தெடுப்பது. இன்று நம்மில் எந்தக் கடைக்காரருக்கும் முதல் வகை அறியாமை மிச்சமில்லை. மலேசியாவில் 2009-ம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள், உணவைக் கையாளுகிறவர் பயிற்சி பெறவேண்டும், வைத்தியப் பரிசோதனையும் தடுப்பூசியும் செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. சிங்கப்பூரிலும் பயிற்சி இல்லாமல் உணவைத் தொட முடியாது. ஆகவே நாம் எல்லோரும் சொல்லப்பட்டவர்கள்.

இன்னும் ஆழமாகப் பார்த்தால், நம் மார்க்கம் இந்த விஷயத்தை ஒரு படி மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறது. தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் விடக்கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். காரணமும் சொன்னார்கள்: இரவில் தன் கை எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கையில் அழுக்கு இருப்பது தெரிந்தால் கழுவு என்பது எந்த மனிதனும் சொல்லக்கூடியது. இங்கேயோ, தெரியாது என்பதையே கழுவுவதற்குக் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாம் எதைச் சாக்காகச் சொல்கிறோமோ அதையே அவர்கள் கட்டளைக்கு ஆதாரமாக வைத்துவிட்டார்கள். ‘தெரியாதே’ என்கிற வியாபாரிக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

இங்கே நம்மவரில் சிலர் ஒன்று சொல்வதுண்டு. ‘ஐந்து வேளையும் ஒளுச் செய்கிற கை இது. இதற்கு மேலே சவுக்காரம் எதற்கு?’ என்பார்கள். இந்த எண்ணம் பக்தியிலிருந்து வருவதால் இதைக் கடிந்து பேசக்கூடாது, ஆனால் திருத்தவேண்டும். ஒளுவினால் கை சுத்தமாவது உண்மை. அது எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். 2011-ல் வெளியான ஒரு சோதனையில், 20 பேர் பொது இடங்களில் கைப்பிடிகளையும் கம்பிகளையும் தொட்டுவிட்டு வந்தார்கள். கழுவாத கைகளில் 100-க்கு 44-ல் மலக்கிருமி இருந்தது. வெறும் தண்ணீரில் கழுவியபோது அது 23 ஆனது. சாதாரணச் சவுக்காரம் போட்டுக் கழுவியபோது 8 ஆனது. தண்ணீர் பாதியளவு வேலை செய்கிறது. தோலின் எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டதைக் கிளப்பச் சவுக்காரமும், 20 வினாடி தேய்ப்பும் தேவைப்படுகின்றன.

அப்படியானால் ஒளுவில் குறையா என்றால், அஸ்தஃபிருல்லாஹ், இல்லை. இரண்டும் வேறு வேறு காரியங்கள். தண்ணீர் கிடைக்காதபோது மண்ணைத் தடவித் தயம்மும் செய்து தொழலாம். தொழுகை நிறைவேறிவிடும். ஆனால் தயம்மும் செய்த கையோடு போய் மாவு பிசையலாம் என்று எந்த ஆலிம்சாவும் சொல்லமாட்டார். தொழுகைக்கான சுத்தம் அல்லாஹ்வின் முன் நிற்பதற்கானது. சமையலுக்கான சுத்தம் அல்லாஹ்வின் அடியாருக்குத் தீங்கு வராமல் காப்பதற்கானது. முதலாவது அல்லாஹ்வின் ஹக்கு. இரண்டாவது அடியாரின் ஹக்கு. அல்லாஹ் தன் ஹக்கில் நேர்ந்த குறையை மன்னிக்கிறான். அடியாரின் ஹக்கை அந்த அடியாரிடத்திலேயே கேட்டுத் தீர்க்கவேண்டும் என்று ஓதியிருக்கிறோம். நம் கடையில் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போன ஊர் பேர் தெரியாத மனிதரை எங்கே தேடி மன்னிப்புக் கேட்பது?

தன்னைச் சுத்தமானவன் என்று நினைப்பதே ஒரு திரை ஆகிவிடும் என்பதற்கு வியன்னா நகரத்து ஆஸ்பத்திரி சாட்சி. அங்கே 1847-ல் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரேதத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவ வார்டுக்கு வரும் வைத்தியர்களால்தான் தாய்மார் சாகிறார்கள் என்று கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் எல்லோரும் கை கழுவவேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 100-க்கு 18 பேர் என்றிருந்த சாவு, ஜூனில் சுமார் 2 ஆகக் குறைந்தது. அப்படியிருந்தும் அந்தக் காலத்துப் பெரிய வைத்தியர் பலர் ஏற்கவில்லை. கௌரவமான வைத்தியரின் கை நோயைக் கொடுக்கும் என்பதை அவர்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர்கள் கௌரவத்தை நம்பினார்கள். நாம் ஒளுவை நம்பிச் சவுக்காரத்தை விட்டுவிட்டால் அதே இடத்தில்தான் போய் நிற்போம்.

இனி முழங்கைக்கு வருவோம். அல்மாயிதா சூராவின் ஆறாவது வசனம் கைகளை முழங்கை வரை கழுவக் கட்டளையிடுகிறது. ‘வரை’ என்றால் முழங்கையும் சேர்த்தியா, முழங்கை தொடங்குமிடத்தில் நின்றுவிடலாமா? பிக்ஹு கிதாபுகளில் இதற்குப் பெரிய விவாதமே உண்டு. ஹனபி மத்ஹபைச் சேர்ந்த இமாம் ஸுஃபர் போன்ற சிலர் முழங்கை சேராது என்றார்கள். நான்கு மத்ஹபிலும் நிலைத்த தீர்ப்பு, முழங்கையையும் சேர்த்துக் கழுவவேண்டும் என்பதே. எல்லையை முழுதாகக் கழுவினோம் என்ற உறுதி வரவேண்டுமானால், எல்லையைச் சற்றுத் தாண்டிக் கழுவினால்தான் முடியும் என்றும் நம் ஷாபி கிதாபுகள் சொல்லுகின்றன.

இந்தத் தீர்ப்பில் ஒரு பெரிய ஒழுக்கப் பாடம் இருக்கிறது. கடமையைச் செய்கிறவர் இரண்டு வகை. கோடு எங்கே என்று பார்த்து அதற்கு இப்பால் நின்றுகொள்கிறவர் ஒருவர். கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போய்விட்டு நிம்மதியாக இருப்பவர் இன்னொருவர். நிறுவையிலும் இதே கதைதான். நாயகம் (ஸல்) அவர்கள், நிறுப்பவரிடம் தட்டைச் சற்றுத் தாழவிட்டு நிறுக்கச் சொன்னார்கள். நம் ஊரில் பழைய கடைக்காரர்கள் கொசுறு போடுவார்களே, அது இரக்கத்தால் மட்டும் அல்ல. தெரியாமல் ஒரு குன்றிமணி குறைந்திருந்தால் அதை இந்தக் கொசுறு ஈடு செய்யட்டும் என்ற பயத்தாலும்தான். சுத்தத்திலும் கொசுறு போடவேண்டும்.

அந்தக் கொசுறு நம் தொழிலில் முழங்கையில்தான் தேவைப்படுகிறது. விரலையும் உள்ளங்கையையும் கழுவிவிட்டு வேலை முடிந்தது என்கிறோம். மாவு பிசைகிறவருக்கு மாவு முழங்கை வரை ஏறிக் காய்ந்துவிடுகிறது. பரிமாறுகிற தம்பி ஒரே கையில் நாலு தட்டை முழங்கை வரை அடுக்கிக்கொண்டு வருகிறார். மேஜையில் ஊன்றுவது முழங்கை. 2020-ல் கொரோனா வந்தபிறகு, இருமல் வந்தால் உள்ளங்கையில் இருமாதே, முழங்கை மடிப்பில் இருமு என்று உலகம் முழுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல புத்திதான். ஆனால் இருமிய அந்த மடிப்பின் மேலேயே அடுத்த தட்டு வந்து உட்காருமானால் என்ன பயன்? இங்கிலாந்தில் 2007-ல், நோயாளியைத் தொடுகிற வைத்தியரும் நர்ஸும் முழங்கைக்குக் கீழே சட்டைக்கை, கைக்கடிகாரம் எதுவும் இல்லாமல் வெறுங்கையாக இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். கை கழுவுவது மணிக்கட்டோடு நின்றுவிடாமல் இருப்பதற்காக அவர்கள் குறித்த எல்லையும் முழங்கையாக அமைந்தது.

இதுவரை கழுவுகிற கையைப் பற்றியே பேசினோம். கழுவவிடாத முதலாளியைப் பற்றியும் பேசவேண்டும். இதுதான் நம்மில் பலருக்குக் கசக்கும். சுவரில் ‘கை கழுவவும்’ என்று அட்டை தொங்குகிறது. அதற்குக் கீழே சவுக்காரம் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருக்கிறது. துடைக்கக் காகிதம் இல்லை; மேஜை துடைத்த துண்டே தோளில் கிடந்து கையையும் துடைக்கிறது. கூட்டம் நெருக்குகிற நேரத்தில் ஒரு தம்பி அரை நிமிஷம் குழாயடியில் நின்றால் கல்லாவிலிருந்து சத்தம் வருகிறது. பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்கிறோம். அந்த உறைக்கையே காசை வாங்கி, அதே உறைக்கையே ரொட்டியை எடுக்கிறது.

இதைவிடப் பெரியது வயிற்றுப்போக்குக் கண்ட தொழிலாளி விஷயம். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவுப் பக்கம் வரக்கூடாது என்பது பிரிட்டனில் உள்ள விதி. நம் கடைத் தம்பி அதைச் சொல்லிக்கொண்டு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு நாள் கூலியைப் பிடித்தால் அடுத்த தடவை அவர் சொல்லவேமாட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பார். மேரி மாலன் மறுபடி சமைக்கப் போனதற்கும், சலவை வேலையில் வருமானம் குறைவாக இருந்தது ஒரு காரணம். அவளைத் தடுத்தவர்கள் அவள் வயிற்றுப்பாட்டுக்குத் தக்க வழி செய்யவில்லை. மறைக்கிற தொழிலாளி மேல் பாவம் உண்டு என்றால், மறைக்கும்படி வைத்த முதலாளி மேல் எவ்வளவு உண்டு? மலேசியாவின் 1955-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் வருஷத்தில் 14 நாள் சம்பளத்தோடு எம்.சி. உண்டு. சிங்கப்பூரில் ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கும் 14 நாள் உண்டு. அது சட்டம் போட்ட கோடு. கொசுறு நம்மிடம் இருக்கிறது.

மறுபக்கத்து அதிகத்தையும் சொல்லிவிட வேண்டும். கிருமி என்றதும் பயந்து நாள் முழுவதும் கையைத் தேய்ப்பது சுத்தம் அல்ல, வஸ்வாஸ். தோல் வெடித்துவிடும், வெடித்த தோலில்தான் கெட்ட கிருமி குடியேறுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில், அதாவது இரண்டு கை நிறைந்த அளவில், ஒளுவை முடித்தார்கள். வேண்டிய நேரத்தில் முறையாகக் கழுவுவதே பெரிது: கழிப்பறைக்குப் போய் வந்தபின், பச்சை இறைச்சியையும் மீனையும் தொட்டபின், மூக்கைச் சிந்தியபின், காசைத் தொட்டுவிட்டு உணவைத் தொடுமுன். விலை கூடிய ‘கிருமி நாசினி’ச் சவுக்காரமும் அவசியமில்லை. 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உட்பட 19 இரசாயனங்களை வீட்டில் கை கழுவும் சவுக்காரங்களில் சேர்க்கக்கூடாது என்று தீர்மானித்தது. சாதாரணச் சவுக்காரத்தைவிட அவை மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று. மளிகைக் கடை வைத்திருக்கிற நாம், ‘எது நல்லது காக்கா?’ என்று கேட்கிற ஏழை வாடிக்கைக்காரருக்கு மலிவான கட்டியையே தயங்காமல் எடுத்துக் கொடுக்கலாம். லாபம் சில காசு குறையும். சொன்ன சொல் உண்மையாக இருக்கும்.

ஆக, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வாங்குகிறவர் நம் கையைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாததாலேயே அவர் அதை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு உட்காருகிறார். ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு நம் பாஷையில் அமானிதம் என்று பேர். சோதிக்கக் கூடிய விஷயத்தில் நேர்மையாக இருக்கிறவனுக்குச் சுகாதார அதிகாரியின் பயமே போதும். எவரும் சோதிக்க முடியாத கையையும் கழுவி வைத்திருக்கிறவனுக்குத்தான் ஈமான் வேண்டும்.

நாளை கடை திறக்குமுன் ஒவ்வொருவரும் நம் குழாயடியில் போய் ஒரு தடவை நின்று பார்ப்போம். சவுக்காரம் இருக்கிறதா, துடைக்கக் காகிதம் இருக்கிறதா, முழங்கை நுழையத் தொட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். சுகமில்லை என்று சொல்லுகிற தம்பியைச் சம்பளத்தோடு அனுப்பிவைப்போம். நம் கைகளால் அல்லாஹ்வின் அடியார் எவருக்கும் தீங்கு நேராமல் காத்து, அந்தக் கைகள் தேடுகிற ரிஸ்க்கில் பரக்கத்துச் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.